பெட்ரோல் டேங்கில் ஒரு மிளகளவு துரு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மழைக்காலத்தில் இருசக்கர வாகனங்களைப் பராமரிப்பது பற்றித் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். பிரேக், டயர், செயின், பேட்டரி ஆகியவற்றைப் பற்றி அதில் எழுதப்பட்டிருந்தவை யாவும் பயனுள்ளவை. ஆனால், அலைச்சத்தம் கேட்கும் தொலைவில் குடியிருக்கும் எங்களைப் போன்றவர்களின் வண்டியில் எது முதலில் கெடுகிறதோ, அதைப் பற்றி அக்கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. பெட்ரோல் டேங்கில் ஏதோ ஓரிடத்தில் பெயிண்ட் சில்லாகப் பெயர்ந்து, அந்த இடத்தில் துரு ஏறுவதைத்தான் குறிப்பிடுகிறேன். இதை வெறும் அழகுக் குறையாகக் கருதி விட்டுவிடுகிறவர்கள் ஒரு பக்கம். மிளகளவு பெயர்ந்ததற்கு டேங்க் முழுவதையும் சுரண்டிப் புதிதாக அடிக்கச் சொல்லும் பட்டறைகள் இன்னொரு பக்கம். இரண்டுக்கும் நடுவே, பெயர்ந்த இடத்தை மட்டும் முறையாகச் சரிசெய்துகொள்ளும் வழி ஒன்று இருக்கிறது என்பதையும், அந்த வழியில் போக விரும்புகிறவருக்கு நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒரு சிறு புட்டி பெயிண்ட் கிடைப்பது குதிரைக்கொம்பாக இருக்கிறது என்பதையும் தங்கள் நாளிதழ் வழியாகத் தெரிவிக்க விரும்புகிறேன்.

நான் மணவாளக்குறிச்சியில் வசிப்பவன்; எழுத்தராகப் பணிபுரிந்து ஓய்வு பெற்றவன். என்னிடம் இருப்பது 2016இல் வாங்கிய கருஞ்சிவப்பு மோட்டார் சைக்கிள். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பங்குனி மாதம், பெட்ரோல் பங்கில் இருந்த பையன் நாசிலை வெளியே எடுத்தபோது அது டேங்க் மூடிக்கு இரண்டு விரற்கடை தள்ளித் தட்டிவிட்டது. அந்தப் பையனைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. பின்னால் பத்து வண்டிகள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. வீட்டுக்கு வந்து பார்த்தபோது மிளகளவுக்குப் பெயிண்ட் போய், உள்ளே வெள்ளி நிறத்தில் இரும்புத் தகடு பளிச்சென்று தெரிந்தது. இவ்வளவுதானே என்று விட்டுவிட்டேன். ஆனி பிறந்து சாரல் பிடித்தபோது அது துவரம்பருப்பு அளவுக்கு வந்து காவி நிறமாகிவிட்டது. ஆவணி முடிவதற்குள் புளியங்கொட்டை அளவு. அதோடு, சுற்றிலும் நன்றாக இருப்பதுபோலத் தோன்றிய பெயிண்டும் உப்பியிருந்தது. நகத்தால் அழுத்தினால் அப்பளம்போல் நொறுங்கியது. பெயர்ந்த இடம் சிறிதாக இருக்கலாம். துரு அதன் விளிம்புக்கு அடியில் புகுந்து எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பது மேலே பார்ப்பவனுக்குத் தெரியாது.

இது ஏன் இப்படி ஆகிறது என்பதை நம் ஊர்க் காற்றோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். ஆலையில் தகட்டின் மேல் பாஸ்பேட் பூச்சு, அதன் மேல் பிரைமர் என்ற அடிப்பூச்சு, அதன் மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேல் கிளியர் கோட் என்ற நிறமில்லாப் பூச்சு எனப் பூசி, நூறு டிகிரி செல்சியசுக்கும் மேலான சூட்டில் வைத்து இறுகச் செய்கிறார்கள். இத்தனை அடுக்குகளையும் சேர்த்தாலும் கனம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான். அந்தப் படலம் முழுமையாக இருக்கும்வரை உப்புக்காற்று எதுவும் செய்ய இயலாது. ஓரிடத்தில் அது விட்டுப்போனால், காற்றில் வரும் கடலுப்பு நேரே இரும்பில் படிகிறது. ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் உப்பு தானாகவே காற்றிலிருந்து நீரை இழுத்துக் கசியத் தொடங்கும். ஆனி ஆடியில் அடுக்களை உப்புச்சாடி நீர்விடுவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மழை பெய்யாத நாளிலும், வெயிலில் நிறுத்தாத வண்டியின் காயம் இவ்வாறு ஈரமாகவே இருக்கிறது. துருவாக மாறிய இரும்பு, மாறுவதற்கு முன்னிருந்ததைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்வதால், பக்கத்திலுள்ள பெயிண்டை அடியிலிருந்து நெம்பித் தூக்குகிறது. கச்சான் காற்று அடிக்கும் ஜூன் முதல் செப்டம்பர் வரை ஒரு மழை, பிறகு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை என இரண்டையும் வாங்கிக்கொள்கிற மாவட்டம் நம்முடையது. குலசேகரத்தில் ரப்பர் தோட்டத்தின் நடுவே குடியிருக்கும் என் மருமகனின் வண்டியிலும் இதேபோல் ஒரு காயம் இருக்கிறது. அங்கே நம்மைவிட மழை அதிகம். இருந்தும் இரண்டு ஆண்டுகளில் அது என் வண்டியில் ஆறு மாதத்தில் ஆன அளவுக்குக்கூட ஆகவில்லை. அங்கே நனைக்கிற தண்ணீரில் உப்பில்லை என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

காயம் படுவதற்கு நாசில் ஒன்றுதான் காரணம் என்றில்லை. கன்னியாகுமரிக் கடைகளில் வாங்கிய சிப்பி பதித்த இரும்பு வளையத்தில் வீட்டுச்சாவி, பீரோச்சாவி, வண்டிச்சாவி எல்லாவற்றையும் கோத்துத் தொங்கவிட்டால், ஹேண்டிலைத் திருப்பும்போதெல்லாம் அது டேங்கின் முன்நெற்றியில் அடிக்கிறது. இடுப்புப் பெல்ட்டின் கொக்கி டேங்கின் பின்முனையைத் தேய்க்கிறது. முன்னால் உட்காரும் குழந்தையின் பள்ளிப்பையிலுள்ள ஜிப் மேற்பரப்பில் கீறுகிறது. இவற்றிலிருந்து காப்பாற்றுவதாக நினைத்துப் பலரும் மாட்டும் ரெக்சின் உறைதான் என் கருத்தில் எல்லாவற்றிலும் கெடுதலானது. உறைக்குள் புகுந்த மழைத்தண்ணீர் வெளியேற வழியில்லாமல் அங்கேயே நிற்கிறது. கூடவே புகுந்த மணலோ, வண்டி அதிரும்போதெல்லாம் பெயிண்டை அரைக்கிறது. எங்கள் கடற்கரை மணலில் இல்மனைட், சிர்கான் ஆகியவற்றோடு கார்னெட் என்ற தாதும் கலந்திருப்பது பலருக்கும் தெரிந்ததுதான். அந்தக் கார்னெட், தேய்க்க உதவும் உப்புத்தாள் செய்யத் தாளில் ஒட்டப்படும் உராய்பொருள்களில் ஒன்று. ஆகவே, எங்கள் ஊரில் காலையில் எழுந்து காய்ந்த துணியால் டேங்கைத் துடைப்பவர், துடைப்பதாக எண்ணிக்கொண்டு தாள்போட்டுத் தேய்த்துக்கொண்டிருக்கிறார். முதலில் தண்ணீர் ஊற்றி மணலை இறக்கிவிட்டுத்தான் துணியை எடுக்க வேண்டும்.

என் வண்டியை நான் முதலில் ஒரு பட்டறைக்குத்தான் கொண்டு போனேன். அங்கே இருந்தவர் பார்த்த உடனேயே, "அண்ணாச்சி, இதுக்கு டச்சப் எல்லாம் நிக்காது, டேங்க் முழுசா அடிச்சாத்தான் சரியா வரும்" என்றார். ஒரு வாரத்தில் தருவதாகச் சொன்னவர் மூன்றாம் நாளே தந்துவிட்டார். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். அது மழை கொட்டிய வாரம். அவருடைய பட்டறைக்கு மேலே கூரைத் தகடு உண்டு, பக்கச்சுவர் கிடையாது. ஈரக்காற்றில் அடித்ததால் டேங்கின் இடப்பக்கம் முழுவதும் பால் தெளித்ததுபோல் வெளிறியிருந்தது. தின்னர் விரைந்து ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் பெயிண்டின் மேல் படிவதால் வருவது இது. மழைநாளில் மெதுவாக ஆவியாகும் தின்னரைக் கலப்பது, இல்லையென்றால் வெயில் வரும்வரை காத்திருப்பது என்ற இரண்டில் ஒன்றைச் செய்திருந்தால் தவிர்த்திருக்கலாம். பாலிஷ் போட்டு அதை ஒருவாறு மறைத்துக் கொடுத்தார். மறைக்க முடியாதது அடுத்த இடவப்பாதியில், அதாவது ஜூன் மழையில், வெளிப்பட்டது. பழைய காயம் இருந்த அதே இடத்தில், அதே புளியங்கொட்டை அளவில், பெயிண்ட் உப்பியது. கிளறிப் பார்த்தால் உள்ளே பட்டி. பட்டிக்கு அடியில் பழைய துரு சிறிதும் தொடப்படாமல் அப்படியே இருந்தது. பட்டி என்பது பள்ளத்தை நிரப்பத்தான் உதவும். அது ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. துருவின் மேல் பட்டி வைப்பது புண்ணுக்கு மேல் மாவு அப்புவதைப் போன்றது. நான் கொடுத்தது 2,500 ரூபாய். அந்தப் பட்டறையின் பெயரை எழுதி யாருடைய பிழைப்பையும் கெடுக்க விரும்பவில்லை. அவர் செய்ததையே செய்கிறவர்கள் பலர் இருக்கிறார்கள் என்பதால் இதை எழுதுகிறேன்.

இரண்டாம் முறை நானே செய்தேன். அந்த இடம் மூன்று மழைக்காலங்களைக் கடந்துவிட்டதால், செய்த முறையை மற்றவர்களுக்குச் சொல்லும் தைரியம் வந்திருக்கிறது. முதலில் பெட்ரோல் வாசனை இல்லாதபடி மூடியை இறுக மூடி, வண்டியைத் திறந்த வெளியில், ஆனால் நிழலில் நிறுத்த வேண்டும். தகடு சூடாக இருக்கும்போது எதைப் பூசினாலும் பாழ்தான். ஷாம்பூ கலந்த தண்ணீரால் கழுவி, நல்ல தண்ணீர் ஊற்றி, காய்ந்த பிறகு மருந்துக்கடையில் கிடைக்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டுக் காயத்தைச் சுற்றித் துடைக்க வேண்டும். பளபளப்புக்காக நாம் அவ்வப்போது தடவும் பாலிஷ்களில் சிலிக்கோன் இருக்கும். அது கண்ணுக்குத் தெரியாத அளவு ஒட்டியிருந்தாலும், மேலே வைக்கும் பெயிண்ட் ஒட்டாமல் சிறு சிறு வட்டக் குழிகளாக விலகிக்கொள்ளும். எனவே, இந்தத் துடைப்பை ஒரு முறைக்கு மூன்று முறையாகச் செய்வதில் தவறில்லை. பிறகு காயத்தைச் சுற்றி மாஸ்கிங் டேப்பைச் சதுரமாக ஒட்டி, அந்தச் சாளரத்துக்குள் மட்டும் வேலை செய்ய வேண்டும்.

இந்த வேலையில் முக்கால் பங்கு, துருவை எடுப்பதுதான். மழுங்கிய பிளேடின் முனையால் விளிம்பைச் சுற்றி மெல்ல நெம்பினால், ஒட்டாமல் நிற்கும் பெயிண்ட் தானே வந்துவிடும். வர மறுக்கும் இடத்தில் நிறுத்திவிட வேண்டும். காயம் பெரிதாகிறதே என்று அஞ்சுவது இயல்பு. எனக்கும் கை நடுங்கியது. புளியங்கொட்டை, நெல்லிக்காய் அளவானது. ஆனால், உப்பிய பெயிண்டை விட்டுவைத்து மேலே பூசுவதில் பயனே இல்லை. அதன்பின் 400ஆம் எண் எமரித்தாளைச் சிறிய துண்டாக வெட்டி, பென்சிலின் பின்முனையிலுள்ள ரப்பரில் சுற்றிக்கொண்டு, இரும்பு வெள்ளையாகத் தெரியும்வரை தேய்க்க வேண்டும். விளிம்பில் பழைய பெயிண்ட் படிக்கட்டுபோல் நிற்காமல், விரலால் தடவினால் தெரியாத சரிவாக இறங்க வேண்டும். எவ்வளவு தேய்த்தாலும் தகட்டில் ஊசிமுனைபோலக் கரும்புள்ளிகள் சில மிஞ்சும். அங்கே துரு குழிபறித்திருக்கிறது. பாஸ்பாரிக் அமிலம் கலந்த துருமாற்றித் திரவம் பெயிண்ட் கடைகளில் கிடைக்கும். அதை ஒரு பல்குத்தியின் முனையால் அந்தப் புள்ளிகளில் மட்டும் வைத்து, டப்பாவில் குறித்த நேரம் விட்டு, அதில் சொன்னபடி துடைத்தெடுத்து, நன்றாக உலரவிட வேண்டும். வெறுந்தகடு தெரிந்த பிறகு எக்காரணம் கொண்டும் இரவு முழுவதும் அப்படியே விடக் கூடாது. எங்கள் ஊரில் மாலையில் தேய்த்துப் பளபளத்த தகட்டில் விடிவதற்குள் மஞ்சள் படர்ந்திருக்கும். ஆகையால் காலை எட்டு மணிக்குத் தொடங்கி, நண்பகலுக்குள் பிரைமர் வைத்துவிடுவதாகத் திட்டமிட்டுக்கொள்வது நல்லது.

பிரைமரில் இரண்டு பாகமாக வரும் எப்பாக்சி வகை சிறந்தது. சிறிய அளவில் கலப்பதுதான் தொல்லை. கண்மதிப்பில் கலந்தால் ஒன்று இறுகாது, இல்லையேல் விரிசல் விடும். ஊசி இல்லாத இரண்டு சிரிஞ்சுகளை மருந்துக்கடையில் வாங்கி, டப்பாவில் அச்சிட்ட விகிதப்படி ஒவ்வொன்றிலும் உறிஞ்சி, ஒரு பாட்டில் மூடியில் கலந்துகொண்டேன். பேத்தியின் ஓவியப் பெட்டியிலிருந்த பூஜ்ய எண் தூரிகையால் இரும்பு தெரிந்த இடத்தில் மட்டும் மெல்லியதாக ஒரு பூச்சு. ஒரு நாள் கழித்து இன்னொன்று. அது நன்றாக இறுகிய பின் 800ஆம் எண் வாட்டர் பேப்பரால் தண்ணீர் தொட்டு இலேசாக உரசிவிட்டு நிறத்துக்கு வரலாம். நிறத்தை ஒரே சொட்டாக வைத்துப் பள்ளத்தை நிரப்பிவிடலாம் என்று தோன்றும். வைத்த அன்று அழகாகவும் இருக்கும். தின்னர் ஆவியாகும்போது அது நடுவில் குழிந்துபோகும். மேலே தோல் கட்டி உள்ளே பச்சையாகவே கிடக்கும். கோலமாவை விரல்வழி விடுவதுபோல் சிறிது சிறிதாக விட்டு, ஒன்று காய்ந்தபின் அடுத்தது என நான்கைந்து முறை வைக்க வேண்டும். கடைசிப் பூச்சு பழைய பரப்பைவிட ஒரு நூலளவு உயர்ந்தே நிற்கலாம். அதன் மேல் கிளியர் வைத்து, ஒரு வாரம் தொடாமல் விட்டு, 2000ஆம் எண் வாட்டர் பேப்பரை ஐஸ் குச்சியில் சுற்றிச் சோப்புத்தண்ணீரில் நனைத்து, அந்த மேட்டை மட்டும் சமமாக்கி, பிறகு ரப்பிங் காம்பவுண்டைப் பனியன் துணியில் தொட்டுத் தேய்த்தால் மங்கல் போய்ப் பளபளப்பு வந்துவிடும். டேங்கின் மடிப்புகளிலும் விளிம்புகளிலும் பெயிண்ட் இயல்பாகவே மெல்லியது; அங்கே தாளைக் கொண்டு போகாமல் இருப்பது நல்லது. நிறுவனத்தின் பெயர் ஸ்டிக்கர் கிளியர் கோட்டுக்கு அடியில் இருக்கும் வண்டிகளில், ஸ்டிக்கர் மேலும் தேய்க்கக் கூடாது.

என்னுடையதைப் போல மூடிக்கு அருகிலுள்ள காயமாக இருந்தால் ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. பெட்ரோல் போடும் ஒவ்வொரு முறையும் அங்கே இரண்டு சொட்டாவது விழும். அடித்து அப்படியே காயவிடும் ஸ்பிரே டப்பாக் கிளியர்கள் பல, பெட்ரோல் பட்டால் இளகிப் பிசுபிசுக்கும். இப்போது பங்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் எத்தனால் 20 விழுக்காடு வரை கலந்திருப்பதால், அந்த இளகல் முன்பைவிடக் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. மூடியைச் சுற்றி, இறுகச் செய்யும் ஹார்டனர் கலந்து பூசும் கிளியர்தான் நிற்கும். அந்த ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. ஸ்பிரே செய்யும்போது அது மூச்சில் போனால் ஆஸ்துமா வரக்கூடும். முகத்தில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு அடிக்கும் நம் பட்டறைப் பையன்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்குகிறது. அந்தக் கைக்குட்டை எதையும் தடுப்பதில்லை. தூரிகையால் ஒரு மூடி அளவு வைக்கும் நமக்கு ஆபத்து குறைவு என்றாலும், கையுறையோடு, வெளியில், காற்றுக்கு முதுகைக் கொடுக்காமல் பக்கவாட்டில் நின்று செய்ய வேண்டும். எதை வாங்கினாலும் டேங்கில் வைப்பதற்கு முன் பழைய பிஸ்கட் டின்னின் மூடியில் பூசி, ஒரு வாரம் கழித்துப் பெட்ரோல் நனைத்த வெள்ளைத்துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் நிறம் வந்தால் அந்தப் பெயிண்ட் டேங்குக்கு ஆகாது.

டேங்கைக் கழற்றிப் பெட்ரோலை வடித்துவிட்டால் பயமில்லை என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நிறைந்த டேங்கைவிட வடித்த டேங்கே ஆபத்தானது, ஏனெனில் உள்ளே பெட்ரோல் ஆவியும் காற்றும் தீப்பற்றும் அளவில் கலந்து நிற்கும். ஹீட் கன்னைக் காட்டிப் பெயிண்டை விரைவாகக் காயவைக்கும் வேலையை அதன் மேல் யாரும் செய்ய வேண்டாம். பழைய வண்டிகளின் மஞ்சள், சிவப்புப் பெயிண்டுகளில் ஈயம் இருக்கக்கூடும். வீட்டுப் பெயிண்டுகளில் ஈயம் 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) அளவைத் தாண்டக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது என்றாலும், அது வாகனப் பெயிண்டுக்கானது அன்று. ஆகவே அத்தகைய வண்டிகளின் தூசியைக் குழந்தைகள் இருக்கும் இடத்தில் பறக்கவிடாமல், ஈரத்துணியால் அவ்வப்போது ஒற்றியெடுத்துவிட வேண்டும்.

உடனே பெயிண்ட் வைக்க நேரமில்லை, மழையோ வந்துவிட்டது என்றால் என்ன செய்வது என்று கேட்பார்கள். வீட்டுப் பெண்களின் நெயில் பாலிஷை வைப்பவர்கள் இருக்கிறார்கள். அது வெயிலையும் பெட்ரோலையும் தாங்குவதற்குச் செய்யப்பட்டதன்று. ஆனாலும் பெட்ரோல் படாத இடத்தில் வெறும் இரும்பாக விடுவதற்கு இது மேல். பின்னால் சுரண்டி எடுத்துவிடலாம். தேங்காயெண்ணெய் தடவுவதை மட்டும் நான் ஏற்கமாட்டேன். நம் மாவட்டத்தில் தலைவலி முதல் கதவுக் கீல் வரை எல்லாவற்றுக்கும் அதுதான் மருந்து என்பது உண்மையே. ஆனால், காயத்தின் விளிம்புக்கு அடியில் இறங்கிய எண்ணெய், பின்பு பூசும் பிரைமரை ஒட்டவிடாது. ஒரு துண்டு செலோடேப்பை ஒட்டினாலே ஒரு வாரத்துக்குப் போதும்.

இனி, இந்தக் கடிதத்தை எழுதத் தூண்டிய விஷயத்துக்கு வருகிறேன். மேலே சொன்ன எல்லாவற்றிலும் எனக்குக் கடினமாக இருந்தது துரு எடுப்பதோ பெயிண்ட் வைப்பதோ அன்று, நிறத்தை வாங்குவதுதான். கார் வைத்திருப்பவர்கள் தங்கள் காரின் நிறக் குறியீட்டைச் சொன்னால் சிறு டச்சப் புட்டி கிடைக்கிறது. மோட்டார் சைக்கிளுக்கு நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் நான் ஏறி இறங்கிய விற்பனையகங்களில், அப்படி ஒன்று வருவதே இல்லை என்றார்கள். புது டேங்க் வேண்டுமானால் வரவழைத்துத் தருவதாகச் சொன்னார்கள். நிறக் குறியீடு என்ன என்று கேட்டதற்கு, உதிரிபாகப் பட்டியலில் நிறத்தின் பெயர் மட்டும் இருந்தது. அந்தப் பெயரைக் கொண்டு எந்தப் பெயிண்ட் கடைக்காரரும் கலந்து தர இயலாது. கடைசியில் வண்டியின் சைடு பேனலைக் கழற்றி ஒரு பையில் போட்டுக்கொண்டு, நாகர்கோவில் வடசேரிக்குப் பேருந்தில் போனேன். பெயிண்ட் கலக்கும் கடைக்காரர் குறைந்தது கால் லிட்டராவது வாங்க வேண்டும் என்றார். பேசிப் பேசி நூறு மில்லிக்கு ஒப்புக்கொள்ள வைத்தேன். கடைக்குள் டியூப்லைட் வெளிச்சத்தில் பேனலும் பெயிண்டும் ஒன்றுபோலவே இருந்தன. வெளியே வந்து வெயிலில் பிடித்தால் பெயிண்டில் ஊதா கலந்திருந்தது. மீண்டும் உள்ளே போய் இரண்டு சொட்டு மஞ்சள் விடச் சொல்லி, மீண்டும் வெளியே வந்து பார்த்து, இப்படி நான்கு முறை நடந்தபின்தான் பொருந்தியது. அந்தக் கடைக்காரரின் பொறுமைக்கு நான் கடன்பட்டவன். நூறு மில்லியில் நான் செலவழித்தது ஒரு தேக்கரண்டி. மிச்சம் புட்டியிலேயே இறுகிக் கல்லாகிவிட்டது.

என்னுடையது மெட்டாலிக் அல்லாத சாதாரண நிறம் என்பதால் இந்த அளவிலாவது முடிந்தது. தக்கலையிலுள்ள என் மைத்துனரின் வண்டி மெட்டாலிக் சாம்பல். அதில் கலந்திருக்கும் அலுமினியத் துகள்கள் ஸ்பிரேயில் ஒருவிதமாகவும் தூரிகையில் வேறுவிதமாகவும் படிவதால், நிறம் சரியாக இருந்தும் அந்த இடம் கறுத்தே தெரிகிறது. துரு நின்றுவிட்டது, போதும் என்று அவர் இருந்துவிட்டார். நான் அவரிடத்தில் இருந்தாலும் அப்படித்தான் இருப்பேன். பழைய புல்லட் வைத்திருப்பவர்கள் மட்டும் டேங்க் முழுவதையும் அடிக்கக் கொடுப்பதற்கு முன் ஒன்றுக்கு இரண்டு முறை யோசிக்க வேண்டும். அந்த டேங்குகளின் பொன்னிறக் கோடு சென்னையில் கையாலேயே இழுக்கப்பட்டது. ஒரு மிளகளவு காயத்துக்காக அதை எமரித்தாளுக்குக் கொடுப்பதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது.

வெள்ளைப் பெயிண்டுக்கு வெண்மை தரும் டைட்டானியம் டை ஆக்சைடு இல்மனைட்டிலிருந்து எடுக்கப்படுகிறது. அந்த இல்மனைட் என் வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் கருமணலாகக் கிடக்கிறது. பெயிண்டுக்கான மூலப்பொருளை அள்ளிக் கொடுக்கும் ஊரில் ஐம்பது மில்லி பெயிண்ட் புட்டி கிடைக்கவில்லை என்பது எனக்கு வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

எனவே, இருசக்கர வாகன விற்பனையாளர்களிடம் நான் வேண்டுவது பெரிதொன்றும் இல்லை. வண்டியின் நிறக் குறியீட்டை இருக்கைக்கு அடியிலோ கையேட்டிலோ தெளிவாக எழுதிக் கொடுங்கள். அதற்குரிய நிறத்தையும் கிளியரையும் சிறு புட்டிகளாக வைத்திருங்கள். டிஎன் 74, டிஎன் 75 எண்களோடு ஓடும் வண்டிகளில் கடற்கரை ஊர்களைச் சேர்ந்தவை எத்தனை என்று பார்த்தாலே, வாங்க ஆள் இருக்குமா என்ற ஐயம் போய்விடும். பங்க் உரிமையாளர்கள் நாசிலின் கழுத்தில் ஒரு ரப்பர் வளையத்தை மாட்டிவைத்தால் இந்தக் காயங்களில் பாதி ஏற்படாது. பட்டறைக்காரர்கள் துருவை எடுத்தபின் பட்டி வைப்பதற்கு முன், வண்டிக்காரரை அழைத்து வெறுந்தகட்டைக் காட்டிவிட்டால் அவர்கள் கேட்கும் தொகையைத் தயங்காமல் கொடுப்போம். நாகர்கோவில் கோணம் பகுதியிலுள்ள அரசு தொழிற்பயிற்சி நிலையம் ஒரு சனிக்கிழமை பொதுமக்களுக்கு இதைச் செய்து காட்ட முன்வந்தால், முதல் ஆளாக வந்து நிற்பேன்.

என் மகனின் வண்டியில் சென்ற மாதம் சாவிக்கொத்து பட்டு முன்நெற்றியில் கடுகளவுக்குப் போயிருக்கிறது. அது நீலம். அதன் சைடு பேனலையும் கழற்றிப் பையில் வைத்திருக்கிறேன். மழை விட்டதும் வடசேரிக்குப் போக வேண்டும். அதுவரை செலோடேப் ஒட்டியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மணவாளக்குறிச்சி,
கன்னியாகுமரி மாவட்டம்.